முப்பது பெலுகாக்களும் சட்டத்தில் விடுபட்ட ஒரு பிரிவும்: நயாகரா மரைன்லாண்ட் பற்றி யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவில் சொந்தம் உள்ள யாழ்ப்பாணத்து வீடுகளில் நயாகராப் படம் இல்லாத அல்பம் குறைவு. மழைக்கோட்டோடு நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நிற்கிற படம் கட்டாயம் இருக்கும். சில வீடுகளில் அடுத்த பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும்: தடாகத்தின் விளிம்பில் குனிந்து, தண்ணீருக்கு மேலே எழும்பிய வெள்ளைத் திமிங்கிலம் ஒன்றின் நெற்றியைத் தடவுகிற மாமியோ மச்சானோ. அந்த இரண்டாவது படம் எடுக்கப்பட்ட இடம் மரைன்லாண்ட். ஒன்ராறியோ மாகாணத்தில், நீர்வீழ்ச்சிக்குக் கிட்டவே இருக்கிற கடல்விலங்குப் பூங்கா. ரொறன்ரோவில் இருந்து கோடை விடுமுறைக்கு ஊராரைக் கூட்டிக்கொண்டு போகிற பாதையில் அதுவும் ஒரு தரிப்பாக இருந்தது.

2025 ஒக்ரோபர் தொடக்கத்தில் அந்தப் பூங்கா கனடிய அரசுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. காசு முடிந்துவிட்டது, அவசர உதவி கிடைக்காவிட்டால் மிஞ்சியிருக்கும் 30 பெலுகாத் திமிங்கிலங்களையும் கருணைக்கொலை செய்ய வேண்டிவரும் என்பது அதன் சாரம். செய்தி ஸ்காபரோவில் இருந்து சாவகச்சேரி வரைக்கும் வாட்ஸ்அப்பில் ஓடியது. ஓடுகிற வழியில் உருவமும் மாறியது. எங்கள் கைக்கு வந்தபோது "கனடா அரசாங்கம் முப்பது திமிங்கிலத்தைக் கொல்லப் போகுது, இதில கையெழுத்து வையுங்கோ" என்று இருந்தது. கையெழுத்து வைக்கச் சொன்ன மனு யாருக்கு, என்ன கேட்டு எழுதப்பட்டது என்று கேட்டால் அனுப்பினவருக்கும் தெரியவில்லை.

கடல்விலங்குகள் பற்றி இங்கே எழுதுகிற, பாடசாலைகளில் பேசுகிற சிலர் சேர்ந்து அந்த விவகாரத்தை ஆதியில் இருந்து வாசித்தோம். அதன் பயனே இந்தக் கட்டுரை. என் பக்கத்தை முதலே சொல்லிவிடுகிறேன். திமிங்கிலத்தையும் டொல்பினையும் வேடிக்கைக்காகத் தொட்டிக்குள் அடைப்பது நிற்கவேண்டும், 2019-ல் கனடா கொண்டுவந்த தடை சரியான தடை. ஆனால் அந்தத் தடையை வென்றெடுத்த பிரச்சாரம் ஒரு கேள்வியைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தது: ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றுக்கு, பூங்கா முடங்கினால் யார் சாப்பாடு போடுவது? 30 உயிர்கள் பேரம்பேசும் பொருளாக மாறியதற்கு அந்தத் தள்ளிவைப்பும் ஒரு காரணம்.

கடல் இல்லாத ஊரில் கடல்விலங்குகள்

மரைன்லாண்டை 1961-ல் தொடங்கியவர் ஜோன் ஹோலர், ஸ்லோவேனியாவில் பிறந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். சில கடற்சிங்கங்களோடு தொடங்கிய காட்சி, காலப்போக்கில் ஓர்கா (கொலைகாரத் திமிங்கிலம் என்பார்கள்), டொல்பின், பெலுகா, வோல்ரஸ் (நீண்ட தந்தமுள்ள கடல் பாலூட்டி), கரடி, மான் என்று பெருத்தது. நயாகராவைச் சுற்றி இருப்பதெல்லாம் நன்னீர். உப்புக்கடல் பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால். ஆகவே அங்கே உள்ள ஒவ்வொரு துளிக் கடல்நீரும் செயற்கை: உப்புக் கலக்கவேண்டும், வடிகட்டவேண்டும், பெலுகாவுக்கென்றால் குளிராகவும் வைத்திருக்கவேண்டும். இந்த இயந்திரங்கள் ஒருநாள் நின்றாலும் விலங்கு தன் கழிவுக்குள்ளேயே நீந்தும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பணக்கணக்கு விளங்கும்.

1979-ல் ஐஸ்லாந்துக் கடலில் பிடிபட்ட ஓர்காக் குட்டிகளில் இரண்டு இந்தக் கதைக்கு வேண்டியவை. ஒன்று கெய்கோ. 1982-ல் மரைன்லாண்டுக்கு வந்து, 1985-ல் மெக்சிக்கோவுக்கு விற்கப்பட்டு, பின்னர் திரைப்படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்றது. மற்றது கிஸ்கா. அது எங்கும் போகவில்லை. ஐந்து குட்டிகள் ஈன்றது, ஒன்றும் தப்பவில்லை. அமெரிக்காவின் சீவேர்ல்ட் நிறுவனத்திடம் இருந்து வந்திருந்த ஆண் ஓர்கா ஒன்று, வழக்குக்குப் பின் 2011-ல் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு கிஸ்காவுக்குத் தன் இனத்தில் ஒரு துணையும் இல்லை. ஓர்காக்கள் தாய்வழிக் கூட்டமாக வாழ்கிறவை. சில கடல்களில் ஆண்பிள்ளைகள்கூட வளர்ந்த பின்னும் தாயை விட்டு விலகுவதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதற்கே உரிய குரல்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு விலங்கு பன்னிரண்டு ஆண்டளவு தனியே சுற்றியது. 2021 செப்ரெம்பரில் வெளிவந்த காணொளி ஒன்றில் அது தொட்டிச் சுவரோரம் வந்து, உடம்பைத் திருப்பி, தலையின் பக்கத்தைச் சுவரில் மோதுகிறது. விலகுகிறது, மறுபடி வந்து மோதுகிறது. பார்த்தவர்கள் யாரும் அதற்கு விளக்கவுரை கேட்கவில்லை.

பெலுகா வேறு வகை. வட துருவக் கடலுக்குரியது. குட்டியாக இருக்கையில் சாம்பல் நிறம், வளர வளர வெளுக்கும். மற்றத் திமிங்கிலங்கள் பலவற்றில் கழுத்தெலும்புகள் ஒட்டிப்போயிருக்க, பெலுகாவுக்கு அவை தனித்தனியாக இருப்பதால் மனிசரைப்போலத் தலையைத் திருப்பிப் பார்க்கும். நெற்றியில் உள்ள மெத்தென்ற மேடு, ஒலியைக் குவித்து அனுப்புகிற உறுப்பு. சத்தம் போடும்போது அதன் உருவம் மாறுவதைக் கண்ணால் காணலாம். அல்பங்களில் எங்கள் ஆட்கள் தடவிக்கொண்டிருப்பது அந்த மேட்டைத்தான். படத்தில் திமிங்கிலம் சிரிக்கிற மாதிரி இருக்கும். அது தாடையின் அமைப்பு, நோயில் கிடந்தாலும் அதே சிரிப்புத்தான். மரைன்லாண்ட் தன் பெலுகாக்களின் முதல் தலைமுறையை ரஷ்யக் கடலில் பிடித்தவர்களிடம் வாங்கியது. பிறகு அங்கேயே குட்டிகள் பிறந்தன, எண்ணிக்கை பெருகியது. கையால் தீன்கொடுத்துத் தொட்டுப்பார்க்க வருகிறவர்களிடம் தனிக் கட்டணம் வாங்கப்பட்டது.

வேலைசெய்தவர்கள் வாய் திறந்தபோது

வாசலில் பதாகை பிடிக்கிறவர்கள் பல காலமாகவே இருந்தார்கள். அவர்களை உள்ளே போகிறவர்கள் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. எங்கள் ஊர்ச் சொந்தங்களும் அவர்களைத் தாண்டித்தான் காரை நிறுத்தியிருப்பார்கள். பிள்ளையள் பின்சீட்டில் இருந்து கத்தும்போது பதாகையை யார் வாசிப்பது?

திருப்பம் வந்தது 2012-ல். பயிற்சியாளர்களாக வேலைசெய்து விலகிய சிலர் ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகையிடம் பேசினார்கள். தண்ணீர் மோசமாக இருந்தது, விலங்குகளுக்குக் கண்ணிலும் தோலிலும் பாதிப்பு, ஆள்பலம் போதாது என்று அவர்கள் சொன்னவை ஓகஸ்ட் மாதத்தில் தொடராக வெளிவந்தன. பூங்கா எல்லாவற்றையும் மறுத்தது. முன்னால் நின்று பேசியவர்களில் ஒருவர் பில் டெமர்ஸ். ஸ்மூஷி என்ற பெண் வோல்ரஸ் தன் தாயைப்போல அவரை ஒட்டிக்கொண்டது. அந்த வோல்ரஸைத் திருடச் சதிசெய்தார் என்று சொல்லி 2013-ல் மரைன்லாண்ட் அவரிடம் 15 இலட்சம் டொலர் கேட்டு வழக்குப் போட்டது. ஏறக்குறைய 800 இறாத்தல் எடையுள்ள விலங்கை ஒருவர் எப்படித் திருடிக்கொண்டு போவார் என்று அவர் பகிடியாகக் கேட்டுக்கொண்டே திரிந்தாலும், வழக்கு ஒன்பது ஆண்டுக்கு மேல் இழுபட்டது. 2022-ல் சமரசமாக முடிந்து, பின்னர் ஸ்மூஷியும் அதன் குட்டியும் அபுதாபிக்கு இடம்மாற்றப்பட்டன.

இந்த விவகாரத்தில் இருந்து நான் முதலில் எடுத்துக்கொள்வது இதைத்தான்: உள்ளே வேலைசெய்தவரின் சாட்சியம் இல்லாமல் ஒரு பிரச்சாரமும் நகர்ந்திருக்காது. வெளியே நிற்கிறவருக்குத் தெரிவது காட்சி மட்டும். தொட்டிக்குள் எத்தனை தரம் மருந்து கொட்டப்பட்டது, எந்தக் குட்டி எப்போது செத்தது, யார் மிருகவைத்தியரைக் கூப்பிட மறுத்தது என்பதெல்லாம் வாளி தூக்கினவருக்குத்தான் தெரியும். அவருக்கு வழக்குச் செலவுக்கு யார் நிற்பது என்பதை இயக்கம் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

2015-ல் ஒன்ராறியோ மாகாணம் ஓர்காக்களைப் புதிதாக வாங்குவதையும் இனப்பெருக்கம் செய்வதையும் தடைசெய்தது. மாகாணம் முழுவதும் அப்போது இருந்தது ஒரே ஓர்கா, அதுவும் துணையில்லாத கிஸ்கா. அரசியல்வாதிகளுக்குச் செலவில்லாத வெற்றி அது. அதே ஆண்டு டிசம்பரில் செனற்சபை உறுப்பினர் வில்பிரட் மூர் நாடு முழுவதுக்குமான சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். அது செனற்சபைக்குள்ளேயே ஏறத்தாழ மூன்று ஆண்டு கிடந்து நசிந்தது. இடையில் 2016 நவம்பரில் வன்கூவர் அக்குவேரியத்தில் கீலா என்ற பெலுகாவும் அதன் தாய் அரோராவும் ஒன்பது நாள் இடைவெளியில் இறந்தன. சட்டமூலம் செனற்சபையைத் தாண்டி, அப்போதைய பசுமைக் கட்சித் தலைவர் எலிசபெத் மேயின் அனுசரணையில் கீழ்ச்சபைக்குப் போய், 2019 ஜூன் 10-ல் நிறைவேறியது. திமிங்கிலம், டொல்பின், கடற்பன்றி ஆகியவற்றைப் பிடித்து அடைப்பதும் இனப்பெருக்கம் செய்வதும் குற்றம். தண்டம் 2 இலட்சம் கனடிய டொலர் வரை. மீட்பு, சிகிச்சை, ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு. ஏற்றுமதி, இறக்குமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஏற்கெனவே அடைபட்டிருந்தவை இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

அந்தக் கடைசி வரியில்தான் பிரச்சினை உட்கார்ந்திருந்தது.

சட்டத்துக்குப் பிறகு நடந்தவை

சட்டம் வந்தபோது மரைன்லாண்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெலுகாக்கள் இருந்தன. 2021 மே மாதம் ஐந்து பெலுகாக்கள் அமெரிக்காவின் மிஸ்ரிக் அக்குவேரியத்துக்கு ஆராய்ச்சிக்கென அனுப்பப்பட்டன. அவற்றில் மூன்று 2023-க்குள் இறந்துவிட்டன. அதே 2021-ல் மாகாண விலங்குநலப் பரிசோதகர்கள், தண்ணீரின் தரம் காரணமாக அங்குள்ள கடல் பாலூட்டிகள் எல்லாமே துன்பத்தில் இருக்கின்றன என்று முடிவெடுத்தார்கள். டிசம்பரில் நயாகராப் பொலிஸ், டொல்பின்களையும் திமிங்கிலங்களையும் அனுமதியின்றிக் காட்சிக்குப் பயன்படுத்தியதாகக் குற்றம் சாட்டியது. அரச வழக்குத்தொடுநர்கள் பின்னர் அதைக் கைவிட்டார்கள். 2023 மார்ச்சில் கிஸ்கா இறந்தது. மூன்று கரடிகளை வைத்திருந்த விதத்துக்காக 2024-ல் பூங்கா குற்றவாளியாகக் காணப்பட்டு ஏறக்குறைய 85,000 டொலர் தண்டம் கட்டியது. கரடி வழக்கு வென்றது, திமிங்கில வழக்கு நிற்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கூண்டின் நீள அகலத்தை நீதிமன்றத்தில் அளந்து காட்டலாம், தண்ணீரின் துன்பத்தைக் காட்டுவது கடினம்.

2019-ல் இருந்து 2025 வரை அந்தப் பூங்காவில் இறந்த திமிங்கிலங்கள் 20 என்று கனடியன் பிரஸ் செய்தி நிறுவனம் எண்ணிச் சொன்னது: ஒரு ஓர்கா, 19 பெலுகா. இதெல்லாம் தடைச்சட்டம் நடைமுறையில் இருந்த ஆண்டுகளில்.

ஹோலர் 2018-ல் காலமானார். அவர் மனைவி நடத்தினார், அவரும் 2024-ல் காலமானார். 2025 கோடையில் வாயில் திறக்கப்படவில்லை. காணியை விற்கவேண்டும் என்றால் விலங்குகள் வெளியேற வேண்டும். சீனாவின் சூஹாய் நகரில் உள்ள சிமெலோங் பூங்காவுக்கு 30 பெலுகாக்களையும் அனுப்ப நிறுவனம் அனுமதி கேட்டது. அங்கும் அவை காட்சிப்பொருளாகவே இருக்கும், சட்டத்தின் நோக்கத்துக்கு அது முரண் என்று மீன்வளத்துறை அமைச்சர் ஜோஆன் தொம்சன் ஒக்ரோபர் 1-ல் மறுத்தார். அதற்கு நிறுவனத்தின் பதில்தான் நான் முதலில் சொன்ன கடிதம். பணம் கேட்டதையும் அமைச்சர் மறுத்தார்: மாற்று ஏற்பாடு செய்யாமல் விட்டதற்கு வரிப்பணத்தில் ஈடு இல்லை என்ற நிலைப்பாடு.

அமைச்சரின் மறுப்பை நான் குறைசொல்ல மாட்டேன். அதேவேளை அந்த மறுப்பால் ஒரு பெலுகாவுக்கும் ஒரு மீன்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. வளர்ந்த பெலுகா நாளுக்கு 20 கிலோ அளவில் மீன் தின்னும் என்று வைத்தால் முப்பதுக்கும் 600 கிலோ. ஹெரிங், கேப்லின் போன்ற மீன்கள், உறைந்த நிலையில் பழுதுபடாமல் வரவேண்டும். அதோடு உப்பு, மின்சாரம், வடிகட்டி, வைத்தியர், ஆட்கள். பார்வையாளர் வராத பூங்காவுக்கு ஒரு சதம் வருமானம் இல்லை. பெலுகாவோ பல பத்தாண்டுகள் வாழக்கூடியது. அதாவது தடை நிறைவேறிய நாளிலேயே கணக்குப் பார்த்திருக்கலாம்: வருமானம் குறையும், செலவு குறையாது, இரண்டும் ஒருநாள் முட்டும். எங்கள் பக்கம் கோயிலுக்கு நேர்ந்து விட்ட மாடுகள் தெருவில் அலைவதைப்போல இது. விட்டவரின் நேர்த்தி தீர்ந்தது, கோயிலுக்கும் பட்டி இல்லை, மாடு மட்டும் பசியோடு நிற்கிறது.

பிரச்சாரம் இதை ஏன் கவனிக்கவில்லை? என் கணிப்பு இது. பழைய விலங்குகளுக்கும் வழி சொல்லவேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் சட்டமூலம் செனற்சபையிலேயே செத்திருக்கும். "இருப்பவை இருக்கட்டும், இனி வேண்டாம்" என்பது எதிர்த்தவர்களின் வாயை அடைக்கக் கொடுத்த விலை. அரசியலில் அது நியாயமான விலை என்று வாதாடலாம். ஆனால் விலை கொடுத்தபின் அடுத்த சட்டத்துக்கான வேலையை மறுநாளே தொடங்கியிருக்க வேண்டும்: கடல் பாலூட்டியை வைத்திருக்கிற எந்த நிறுவனமும், ஒவ்வொரு விலங்கின் மிச்ச ஆயுளுக்குமான பராமரிப்புச் செலவை வைப்புப் பணமாக அரசிடம் கட்டவேண்டும் என்ற ஒரு பிரிவு. சுரங்கம் தோண்டுகிற நிறுவனங்களிடம், மூடியபின் நிலத்தைச் சீராக்க முன்பணம் வாங்குகிற வழக்கம் கனடாவில் ஏற்கெனவே உண்டு. திமிங்கிலத்துக்கு அந்த யோசனை யாருக்கும் அவசரமாகப் படவில்லை. வெற்றிக் கொண்டாட்டப் படங்கள் பகிரப்பட்டன, நன்கொடையாளர்களின் கவனம் அடுத்த நாட்டுக்குப் போனது.

போக்கிடங்கள்

"கடலில விடுங்கோவன்" என்பதுதான் இங்கே எல்லோரும் முதலில் சொல்வது. நல்ல மனதோடு சொல்வதுதான். தொட்டியில் பிறந்த பெலுகாவுக்குப் பனிக்கடியில் மூச்சுத்துளை தேடத் தெரியாது, வேட்டையாடிப் பழக்கமில்லை, சேர்ந்துகொள்ளக் கூட்டமும் இல்லை.

முன்னுதாரணங்கள் சில உண்டு, அவற்றின் அளவைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். பிரித்தானியாவில் 1991-ல் மோர்க்கம் நகரத்து ரொக்கி, பிறைட்டன் நகரத்து மிஸ்ஸி, சில்வர் என்ற மூன்று டொல்பின்கள் கரிபியனில் உள்ள டேர்க்ஸ் அன்ட் கைக்கோஸ் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே அடைப்பில் பழக்கப்பட்டுக் கடலில் விடப்பட்டன. இரண்டு ஆண்டில் அந்த நாட்டின் கடைசி டொல்பின் காட்சியகமும் மூடியது. அங்கே பிரச்சாரக்காரர்கள் போக்கிடத்தை முதலில் ஆயத்தம் செய்துவிட்டுத்தான் விலங்கைக் கேட்டார்கள். கெய்கோ 1998-ல் ஐஸ்லாந்து விரிகுடா ஒன்றுக்குத் திரும்பியது, 2002-ல் நோர்வேவரை நீந்திப் போனது, 2003 டிசம்பரில் இறந்தது. முழுச் சுதந்திரம் என்று அதைச் சொல்வதா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது, ஏனென்றால் அது கடைசிவரை மனிதரைத் தேடி வந்தது. செலவு 2 கோடி அமெரிக்க டொலர் அளவு என்று சொல்லப்படுகிறது. ஒரு விலங்குக்கு. 2019-ல் சாங்காயில் இருந்து இரண்டு பெலுகாக்கள் அதே ஐஸ்லாந்து விரிகுடாவுக்கு வந்தன. அவையும் விரிகுடாவில் கொஞ்சக் காலம், கட்டடத்துக்குள் உள்ள தடாகத்தில் நெடுங்காலம் என்று மாறிமாறி இருக்கின்றன. கனடாவின் நோவா ஸ்கோசியாவில் கடலோரச் சரணாலயம் ஒன்றுக்கு 2020-ல் இடம் தெரிவானது. 2025 ஒக்ரோபரிலும் அங்கே ஒரு திமிங்கிலம் இல்லை.

மூன்று, ஒன்று, இரண்டு. இந்த எண்களுக்கு முன்னால் முப்பதை வைத்துப் பாருங்கள். 2019-க்கும் 2025-க்கும் இடையிலான ஆறு ஆண்டுகள்தான் வீணாய்ப் போன முதல். இந்த ஆய்வை அந்த ஒக்ரோபரோடு நிறுத்துகிறேன், இயக்கம் படிக்கவேண்டியது அதற்குள்ளேயே முழுதாக இருக்கிறது.

எங்கள் கரையில் இருந்து பார்த்தால்

பாசையூர்ப் பக்கம் இதைப்பற்றிக் கதைத்தபோது வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு அண்ணை நிமிராமலே கேட்டார்: "அங்க முப்பதுக்கு அழுறியள். இஞ்ச வலையில ஓங்கில் பட்டால் ஆரிட்டச் சொல்லுறது?" டொல்பின் வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்செடுக்க முடியாமல் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். "வலையை வெட்டினால் என்ர காசு போச்சு. வெட்டாட்டி அது செத்துப்போம். செத்ததைக் கரைக்குக் கொண்டந்தால் நேவியும் பொலிசும் என்னைப் பிடிக்கும். அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?" விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி எங்கள் கடலில் திமிங்கிலத்தையோ டொல்பினையோ கடற்பசுவையோ பிடிப்பதும் கொல்வதும் குற்றம். உயிரோடு சிக்கினதை விடுவித்தவருக்கு வலையின் பெறுமதியைக் கொடுக்கிற ஏற்பாடு அவர் அறிந்தவரையில் இல்லை. மரைன்லாண்டில் கண்ட அதே விடுபட்ட பிரிவு, வேறு உருவத்தில்: தடை எழுதியாயிற்று, செலவை யார் தாங்குவது என்பது எழுதப்படவில்லை.

கடற்கரைச் சனம் மனமில்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 2020 நவம்பரில் பாணந்துறையில் நூறளவில் பைலட் திமிங்கிலங்கள் கரையொதுங்கியபோது, கொரோனா ஊரடங்கின் நடுவே, கடற்படையினரோடு ஊராரும் இரவிரவாகத் தள்ளி அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பினார்கள்.

அடைத்து வைத்த அனுபவமும் தூரத்தில் இல்லை. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1959-ல் இருந்து ஒரு சோடிக் கடற்பசுக்களைத் தடாகத்தில் வைத்து ஆண்டுக்கணக்காகப் பராமரித்தது. அந்த விலங்கைப்பற்றி நாம் அறிந்திருப்பதில் ஒரு பங்கு அந்தச் சோடி தந்தது. கடற்புல் அறுத்துக் கொண்டுவந்து போடவேண்டும், நாள் தவறாமல். ஆராய்ச்சி நிலையத்துக்கு அது இயலும், உல்லாச விடுதிக்கு இயலாது. சென்னைக்கு அருகே 1998-ல் பல்கேரியாவில் இருந்து காட்சிக்குக் கொண்டுவரப்பட்ட டொல்பின்கள் சில மாதங்களிலேயே செத்துப்போயின. கொச்சியிலும் மும்பையிலும் புதிய காட்சியகங்களுக்குத் திட்டம் வந்தபோது, அந்தச் சாவுகள்தான் எதிர்ப்பாளர்கள் கையில் இருந்த பலமான சான்று. 2013 மே மாதம் இந்திய மத்திய அரசு டொல்பின் காட்சியகங்களுக்கு அனுமதி கொடுக்கவேண்டாம் என்று மாநிலங்களுக்கு அறிவித்தது. இந்தியாவின் வழி கனடாவை விட மலிவு: புதிய தொட்டிகள் கட்டப்பட முன்னமே வேண்டாம் என்றார்கள், அதனால் அவற்றுக்கென்று எந்த விலங்குக்கும் போக்கிடம் தேடவேண்டி வரவில்லை.

ஆகவே எங்கள் குழு இரண்டு காரியத்தை எடுத்திருக்கிறது. ஒன்று மனு. வடக்கின் கரையோரத்தில் சுற்றுலாத் திட்டம் ஒன்றுக்கு அனுமதி கொடுக்கும்போது கடல் பாலூட்டிகளைக் காட்சிக்கு வைப்பதில்லை என்ற நிபந்தனையைச் சேர்க்கச் சொல்வதும், வலையில் சிக்கிய டொல்பினையோ கடற்பசுவையோ விடுவித்ததற்கு ஆதாரம் காட்டுகிற மீனவருக்கு வலைக்காசு கொடுக்கச் சொல்வதும் அதில் உண்டு. வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் கடற்றொழில் திணைக்களத்துக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறோம், ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதைத் தவிர்க்க. மனுவின் இரண்டாவது பகுதியை எழுதிக்கொடுத்தது நடைமுறையில் அந்தப் பாசையூர் அண்ணைதான். "ஆதாரத்துக்குப் படம் எடுக்கச் சொன்னால் ஒரு கையால வலை வெட்டி மற்றக் கையால போன் பிடிக்கேலாது, கூடப்போனவன்ர சாட்சி காணும் எண்டு போடுங்கோ" என்றார். போட்டோம்.

மற்றது சுற்றுலா முகவர்கள். யாழ் நகரில் சிங்கப்பூர், பாங்கொக், டுபாய் என்று குடும்பப் பொதிகள் விற்கிறவர்களின் துண்டுப்பிரசுரங்களில் டொல்பின் காட்சியும் ஒரு வரி. சிங்கப்பூர் செந்தோசாவுக்குக் கொண்டுவரப்பட்ட டொல்பின்கள் சொலமன் தீவுகளின் கடலில் பிடிபட்டவை என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. நாங்கள் பேசிய முகவர்களில் ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சனம் கேட்டு வாறது கடைக்கும் கேபிள் காருக்கும் தம்பி, டொல்பின் சும்மா இருக்கட்டும் எண்டு போட்டதுதான்" என்று சொல்லி அடுத்த அச்சில் அந்த வரியை எடுத்துவிட்டார். இன்னொருவர் மறுத்தார். பிள்ளைகளோடு போகிற குடும்பம் முதலில் கேட்பதே அதைத்தான், தான் எடுத்தால் பக்கத்துக் கடையில் வாங்குவார்கள் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. பக்கத்துக் கடைக்காரரோடும் பேச நாள் கேட்டிருக்கிறோம். பாடசாலை விடுமுறைக்கு முன் துண்டுப்பிரசுரங்கள் அச்சுக்குப் போய்விடும், அதற்குள் அவரைப் பிடிக்கவேண்டும்.